மருமகன் என்று எழுதிய கார்டு

மதுரையில் ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள்: "ஆணும் ஆணும் சேர்ந்து வாழ உங்கள் காலத்தில் உரிமைக்காக என்ன செய்தீர்கள் ஐயா?" எங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டதற்காக எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் அது. நானும் தட்டினேன். உள்ளுக்குள் கடுப்புதான். நான் எப்போது குற்றவாளியாக இருந்தேன், இப்போது விடுதலை செய்ய? பதிலுக்கு ஒரு ரேஷன் கார்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நேரமில்லை என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். இங்கே என்னிடமிருந்து யாரும் மைக்கை வாங்க முடியாது.

கம்பத்துக்குப் பக்கத்தில் கூடலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தேன். கரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது வேலை. என்னோடு வாழ்ந்தவன் கேரள எல்லையிலிருக்கிற குமுளிக்கு ஜீப் ஓட்டினான். எழுபதுகளின் நடுவில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். தெருவுக்கு நாங்கள் கல்யாணம் ஆகாத இரண்டு கூட்டாளிகள். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் எப்படி வாழ்வார்களோ அப்படித்தான் வாழ்ந்தோம், சண்டை உட்பட. அதற்குச் சட்டத்தில் ஒரு பிரிவும் ஜெயிலும் இருக்கிறது என்பதை, ஒரு வக்கீல் வீட்டு மோட்டாரைக் கழற்றப் போனபோது அவர் யாரையோ கேலி பேசியதில் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். "பேடிக்காத மாப்ள" என்றான், பயப்படாதே என்பதை மலையாளம் பாதி தமிழ் பாதியாக.

ரேஷன் கார்டு வேண்டும் என்றதும் அவன்தான். சீனிக்கோ மண்ணெண்ணெய்க்கோ இல்லை. அவன் பெயர் வருசநாட்டில் அவன் அப்பாவின் கார்டில் இருந்தது. அங்கே பெயர் இருக்கிறவரை, நீ இந்த வீட்டு ஆள், நான் சொல்கிற பெண்ணைக் கட்டு என்று அவர் நெருக்கிக்கொண்டே இருந்தார். என் பெயருக்குக் கீழே தன் பெயர் ஒரே கார்டில் வந்துவிட வேண்டும், இதுதான் என் வீடு என்று அரசாங்கமே எழுதித் தர வேண்டும், அது போதும் என்றான். அதற்கு முதலில் அப்பா கார்டிலிருந்து பெயரை நீக்கிய சான்று வேண்டும்.

மூன்று தடவை ஊருக்குப் போனான். கல்யாணம் ஆனால்தான் நீக்குவேன் என்றார் அப்பா. நாலாம் தடவை, எந்தப் பெண்ணையும் கட்ட மாட்டேன், கட்டி ஒருத்தி வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன் என்று நடுவீட்டில் நின்று சொல்லிவிட்டான். அவர் அன்றைக்கே போய்ப் பெயரை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மகனைத் தலைமுழுகிய காகிதமும் எங்களுக்கு வேண்டிய காகிதமும் ஒன்றாகிவிட்டது. "கெடச்சிருச்சு மாப்ள" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸைவிட்டு இறங்கினான். வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெரிய மனுஷன் மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை. அவர் செத்தே பல வருஷம் ஆகிறது, இருந்தாலும் தணியவில்லை.

விண்ணப்பம் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். யாராவது கேட்டால் 'தம்பி' என்று சொல்வதாகத் திட்டம். ஜன்னலுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது: என் பெயர் பைபிளிலிருந்து வந்தது, அவன் பெயர் பழநியிலிருந்து வந்தது. எந்த அப்பா இரண்டு பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைப்பார்?

"இவர் உங்களுக்கு என்ன முறை?" என்றார் கிளார்க்.

நான் வாயெடுப்பதற்குள் அவன் பழக்கத்தில், "மாப்ளைங்க சார்" என்றான்.

எங்கள் பக்கத்தில் டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவன்கூட மாப்ளதான். பள்ளிக்கூடத்துப் பையனிலிருந்து பல்லுப்போன கிழவர்வரை கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த கிளார்க்கோ வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். அவருக்கு மாப்பிள்ளை என்றால் மகளைக் கட்டியவர். தலையைத் தூக்கிப் பார்க்காமலே எழுதிக்கொண்டார்.

கார்டு வந்தது. குடும்பத் தலைவர் நான், வயது முப்பத்தாறு. அடுத்த பெயர் அவன், வயது முப்பத்தைந்து. உறவு: மருமகன். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு வாரம் என்னை "மாமா, காப்பி போடவா?" என்று கேட்டே கொன்றான். திருத்தச் சொல்லலாமா என்றேன். "எதுக்கு? மாப்ளன்னு சொன்னேன், மாப்ளன்னு எழுதிருக்காக. இதுல என்ன பொய்யி?" என்றான். கார்டை அடிக்கடி எடுத்துத் தன் பெயரைப் பார்த்துக்கொள்வான்.

ரேஷன் கடைக்காரர் அதை வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்துச் சிரித்தார். பேச்சு பரவியது. சில மாதம் கழித்து ஒரு முற்பகலில் விசாரணைக்கு ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் அவனும் வீட்டில்தான் இருந்தான். வாசலில் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள்.

"ஏம்ப்பா, ஒன்னவிட ஒரு வயசு கம்மியா ஒனக்கு மருமகனா? பொண்ணு எங்க?"

"பொண்ணு இல்லைங்க" என்றேன்.

"அப்ப இவரு யாரு?"

எனக்கு வக்கீல் சொன்ன ஜெயில்தான் கண்ணுக்குள் நின்றது. இன்ஸ்பெக்டர் இளகிய மனுஷர். குரலைத் தாழ்த்தி, "சமையலுக்கு இருக்காருன்னு எழுதிக்கிருவமா? வேலையாளுன்னு போட்டா பேரு நிக்கும். மேல யாரும் கேக்க மாட்டாக" என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். இதை எழுதுகிறபோதுகூட வெட்கமாக இருக்கிறது.

அவன் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "யாருக்கு யாரு சார் வேலையாளு? ரெண்டு பேரும் இங்கன ஒண்ணா வாழுறோம். அப்பிடி எழுத அதுல எடம் இல்லேன்னா என் பேர வெட்டிருங்க."

"வெட்டுனா ஒனக்கு எங்கயுமே பேரு இருக்காது தம்பி. அப்பா கார்டுலயும் இல்ல."

"இல்லாமப் போகட்டும்."

இன்ஸ்பெக்டர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "என் பேரையும் வெட்டுங்க சார்" என்றேன்.

"நீ குடும்பத் தலைவருய்யா. ஒன்ன வெட்டுனா கார்டே இல்ல."

"இவந்தான் சார் என் குடும்பம். இவன் பேரு இல்லாத கார்டுக்கு நான் எதுக்குத் தலைவரு?"

வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இன்னொரு கோடு இழுத்தார். இந்த முகவரியில் யாரும் இல்லை என்று எழுதி, கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். அதே தெருவில் நாலு வீடு தள்ளி வேறு வீடு பிடித்தோம், ஊரைவிட்டு ஓட நாங்கள் எதையும் திருடவில்லை. ஆனால் அது அடுத்த மாதம். அன்று மதியம், யாரும் இல்லாத அந்த வீட்டில் மொச்சைக் குழம்பு வைத்து, கதவைத் திறந்துபோட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.