தவளை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?

இன்று மதியம் எங்கள் ஊர் எடிசனில் பாட்லக், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் விருந்து. சாம்பார் சாதத்துக்குப் பக்கத்திலேயே மூர்த்தி சாரைப் பிடித்துவிட்டேன்.

போன தீபாவளி பார்ட்டியில் எல்லார் முன்னாலும் என்னை மட்டம் தட்டியவர் அவர்தான்.

"பத்து வருஷமா இங்க இருக்கீங்க, நயாகரா தாண்டி எங்கயும் போகலையா? ஸ்பெயின்ல சலமான்கா போங்க. அந்தப் பழைய யுனிவர்சிட்டி வாசல்ல குட்டியா ஒரு தவளை செதுக்கியிருக்கான். கண்டுபிடிச்சா அதிர்ஷ்டம். நான் ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சேன்!"

என் மனைவிகூடச் சிரித்தாள். அன்றிலிருந்து கருவிக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் போனேன். கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை அந்தக் கல் முகப்பை அண்ணாந்து பார்த்தேன். கண்டுபிடித்தேன்.

இன்று எல்லாரும் தட்டோடு நிற்கும்போது ரொம்பப் பணிவாகக் கேட்டேன்.

"சார், அந்தத் தவளை எது மேல உக்காந்திருக்கு?"

"இது என்ன கேள்வி? தாமரை இலை மேலதான்."

"மண்டை ஓட்டு மேல, சார்."

பக்கத்தில் நின்ற அவருடைய மகள் நிமிர்ந்தாள். "டாட், சலமான்கால யூ நெவர் காட் ஆஃப் த டூர் பஸ். யூ வேர் ஸ்லீப்பிங்."

பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஸ்பெயின் போய் அந்தத் தவளையைத் தவிர வேற எதையாவது பார்த்தீங்களா?" என்று காரில் மனைவி கேட்டாள். இல்லைதான்.

மூர்த்தி சார் அடுத்து எந்த ஊரைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறார் என்று யார் காதிலாவது விழுந்தால் உடனே மெயில் போடுங்கள். எனக்கு இன்னும் ஒரு வாரம் லீவு பாக்கி இருக்கிறது.