ஐஸ் அறைக்குச் சீட்டு போட்ட குப்பம்

போன மாதம் பழவேற்காடு ஏரியின் வடக்குக் கரைக்குப் போய் வந்தேன். பறவை பார்க்க அல்ல. வெளிநாட்டு அரசு ஒன்று அங்கே ஒரு மீனவக் குப்பத்துக்கு ஐஸ் அறை கட்டித் தர முன்வந்திருந்தது. கையெழுத்து வாங்க வந்த பெண் அதிகாரிக்கு நான் மொழிபெயர்ப்பாளர். எந்த நாடு, எந்தக் குப்பம் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

திருவள்ளூரிலிருந்து காலை ஐந்தரைக்குக் கார். பெரியபாளையம் வரை இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அங்கே கோயில் கூட்டம் நெரியும் ஆடி ஞாயிறாக இல்லாவிட்டால் சாலை காலியாகத்தான் இருக்கும். கவரைப்பேட்டையில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அதிகாரியை ஏற்றிக்கொண்டோம். அவர் நாட்டுக் கம்பெனி ஒன்றின் விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எளாவூரை நெருங்கும்போது லாரி வரிசையில் மாட்டி அரை மணி நேரம் போனது. "டெய்லி இதே பேஜாரு மேடம். நாஷ்டாவயாவது முடிச்சிக்கினு போலாம்" என்று டிரைவர் முனுசாமி ஓரம் கட்டினார். மூவருக்கும் இட்லி, காபி நூற்றைம்பது ரூபாய். அங்கிருந்து கிழக்கே திரும்பினோம். கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை, கார் அடி வாங்கும்.

குப்பத்தில் மாலை, மரியாதை எதுவும் இல்லை. கரையில் ஒரு படகு தயாராக நின்றது. இறால் விற்கும் பெண்கள் குழுவின் தலைவி தேசராணி அதைக் காட்டி, "ஏறுங்க. அக்கரை குப்பத்துக்குத்தான் சீட்டு வுழுந்துச்சு" என்றார்.

இந்த ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதைச் சீட்டு போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஐஸ் அறை ஒன்றுதான் என்று கேள்விப்பட்டதும் இரு கரைக் குப்பத்தாரும் கூடி அதற்கும் சீட்டு போட்டிருக்கிறார்கள். அது சாலையே இல்லாத அக்கரைக்குப் போய்விட்டது.

நான் இதைச் சொன்னதும் அதிகாரியின் முகம் மாறியது. இந்தக் குப்பத்தின் பெயர் அவர்கள் தலைநகரில் முடிவானது, மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. இன்று கையெழுத்து கிடைக்காவிட்டால் பணம் வேறொரு நாட்டுக்குப் போய்விடும். இதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் இரண்டாகிவிட்டது.

"கையெழுத்த போட்டு வாங்கிக்கலாம். அப்பால பாத்துக்கலாம்" என்றார் ஒருவர்.

"அப்பால இன்னாத்த பாப்ப? நாளைக்கு நாம வலை போட்டா அக்கரைக்காரன் சும்மா வுட்ருவானா?" என்று இன்னொருவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

ஏரிக்கு நடுவே அக்கரைப் படகுகள் எங்களையே பார்த்தபடி நின்றன. முன்பு ஒருமுறை பாடு மீறப்பட்டபோது மண்டைகள் உடைந்ததாக என் காதில் சொல்லிவிட்டு, முனுசாமி போய்க் காரைத் திருப்பி நிறுத்தினார்.

தேசராணி மட்டும் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இரண்டு கூடை இறாலோடு. ஐஸ் இல்லாததால் வெயில் ஏறுவதற்குள் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும். இந்த அறைக்காக வருடக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவரே அவர்தான். வேண்டியிருந்த கையெழுத்தும் அவருடையதுதான்.

"அந்தம்மாவ கேளு. அவங்க ஊர்ல எங்க பேரு எப்டி வந்துச்சு? சீட்டு போட்டாங்களா?"

கேட்டேன். அதிகாரி பூசி மெழுகவில்லை. தங்கள் நாட்டுக் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ஊர் தேடினார்கள், இங்கே சாலை இருந்தது, அவ்வளவுதான் என்றார். ஆனால் விடவும் இல்லை. "சீட்டு மட்டும் நியாயமா? யாருக்குத் தேவை அதிகம் என்று சீட்டுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

தேசராணி இறால் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினார். பிறகு, "தெரியாது. எங்க ஊட்டுக் கஷ்டம் பெருசா, அவங்க ஊட்டுக் கஷ்டம் பெருசான்னு பேசிக்கினு இருந்தா ஒருநாளும் வலை எறங்காது. சீட்டு போடறதுக்கு நானுந்தான் ஒத்துக்கினேன். எனக்கு வுழுந்திருந்தா அவங்க வாயத் தொறந்திருக்க மாட்டாங்க" என்றார்.

கையெழுத்து போடாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். சட்டையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார். அதிகாரி அக்கரைக்காவது போய்ப் பார்க்கமாட்டாரா என்று ஆசைப்பட்டேன். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏற அவருக்கு அனுமதி இல்லையாம்.

சிப்காட்டில் இறங்கும்போது, பயனாளிகள் உதவியை மறுத்துவிட்டார்கள் என்றுதான் அறிக்கை எழுத முடியும் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்துக் குப்பத்துக்குக் கொடுங்கள் என்று சொன்னதற்குப் பெயர் மறுப்பா? தேசராணி மீதும் கோபம்தான். அத்தனை அலைந்தவர் ஒரே ஒரு நாள் தன்னை நினைத்துக்கொண்டால் என்ன? இரண்டு கோபமும் இன்னும் தீரவில்லை.

போகிறவர்களுக்கு: திருவள்ளூரிலிருந்து வாடகைக் காருக்கு மூவாயிரம் ரூபாய் ஆனது. ரயில் என்றால் சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டி, பிறகு ஆட்டோ. படகை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், யார் முறையோ அவர் வருவார். இறால் வாங்க ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஐஸை எளாவூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்காது, இரண்டு கரையிலும்.