பிளீச் போட்ட மாமியார்

பிளீச் கலக்கும் சின்னக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால், கேட்காமலே அந்த மாமியாரம்மாவின் முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. விளாங்குடியில் நான் பியூட்டி பார்லர் திறந்த புதிதில், பலகையில் ‘பிளீச்’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, “ஏத்தா, சாக்கடையில தூவுற பவுடரையா மூஞ்சியில போடுற?” என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மழை பெய்தால் வாய்க்கால் ஓரம் கோடு போட்டுப் போவார்களே, அந்த வெள்ளைத் தூள்தான் அதுவரை எங்கள் எல்லோருக்கும் பிளீச்.

மாமியாரம்மா அவனியாபுரத்துக்காரர். மறுநாள் மகனுக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். மருமகளாகப் போகிற டீச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். “எம்புட்டு வெளுக்க முடியுமோ அம்புட்டு வெளுத்து விடும்மா. மேடையில பளிச்சுன்னு இருக்கணும்.” டீச்சர் நல்ல கருப்பு, களையான முகம். கன்னத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை. விலக்கிப் பார்த்தேன். ஆறிய கொப்புளத்தின் தழும்பு. “நிச்சயதார்த்தத்துக்கு வேற பார்லர்ல போட்டாங்கக்கா. வெந்துபோச்சு,” என்றாள் என் காதில் மட்டும். மறுபடி போட்டு அதே மாதிரி ஆனால், மணமேடையில் அந்தப் பெண் எந்த முகத்தோடு உட்காருவாள்? “அத்தைகிட்டச் சொல்லேன்,” என்றேன். “அவங்க பேசி முடிக்கட்டும்க்கா, சொல்றேன்.” அது இந்த ஜென்மத்தில் நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் குறும்பு கொஞ்சம் கூடுதல். “மாப்பிள்ளைக்கு அம்மா நீங்க பளிச்சுன்னு இருக்க வேணாமா? முதல்ல உங்களுக்குப் போட்டு விடுறேன், ஓசிதான்,” என்றேன். ஓசி என்றதும் நாற்காலியில் ஏறிவிட்டார். கைமடிப்பில் துளி தடவி, ஒத்துக்கொள்கிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் பூசினேன். பூசி முடித்ததும், “அசையாதீங்கம்மா. பேசினா திட்டுத்திட்டா ஆயிரும்,” என்றேன். கடையில் அப்போதுதான் மின்விசிறிச் சத்தமே கேட்டது.

நான் கண்ணைக் காட்டியதும் டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் டீச்சராயிற்றே, பாடத்திலிருந்துதான் தொடங்கினாள். “அத்தை, பிளீச்சுன்னா பழைய இங்கிலீஷ்ல வெளிற வைக்கிறதாம். அதுக்கும் மூலத்துல எரியுறது, மின்னுறதுன்னு அர்த்தம் சொல்றாங்க. கருப்புக்குச் சொல்ற பிளாக்கும் அதே வேர்லருந்து வந்ததுதானாம். எரிஞ்சு ஜொலிச்சா வெளுப்பு, எரிஞ்சு கரிஞ்சா கருப்பு. எனக்குப் போன தடவை எரிச்சல் மட்டும்தான் அத்தை மிச்சம். இந்தக் கன்னம் வெந்துபோச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப இதே கலர்லதான உங்களுக்குக் காபி குடுத்தேன்? நாளைக்கும் இதே மூஞ்சியோட உக்காந்துக்கிறேனே.” பூச்சுக்கு நடுவே மாமியாரம்மாவின் கண் மட்டும் அந்தத் தழும்பையே பார்த்தது.

கழுவித் துடைத்ததும் கண்ணாடியைப் பார்த்து, “ஆத்தாடி, நானா இது!” என்றார். பூனைமுடி பொன்னிறமானதில் முகம் மினுங்கியது. கொஞ்ச நேரம் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். “சுள்ளுன்னு எரியத்தான் செய்யுது. ஏத்தா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நீங்க எங்க அத்தை பேச விட்டீங்க?” என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியாரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் மண்டபத்தில் டீச்சருக்கு மை தீட்டி, பூ வைத்து, அவள் நிறத்துக்குத் தக்க லேசாகப் பவுடர் ஒற்றிவிட்டேன். வந்தவர்களெல்லாம் மாமியாரம்மாவின் பளபளப்பைத்தான் விசாரித்தார்கள். போட்டோகிராபர் கேமராவைப் பார்த்துவிட்டு அவரிடம் குனிந்து, “கவலைப்படாதீங்கம்மா, பொண்ணு கலரை ஆல்பத்துல நல்லா ஏத்தி விட்டுர்றேன்,” என்றார்.

மாமியாரம்மா மருமகளின் தோளில் கைபோட்டு இழுத்து அணைத்துக்கொண்டார். “வேணாம்ப்பா. வேற எவளையோ வெள்ளையா எம் பக்கத்துல நிறுத்திட்டா, எம் மருமகள நான் எங்கிட்டுப் போய்த் தேடுறது?”