யூனிட்டுக்கு மூன்று கிலோமீட்டர்

எங்கள் மூன்று பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலடிப்பேட்டையில் ஒரு டிபன் கடையில் கூடுவோம். மூவரிடமும் மின்சாரக் கார். மூன்றும் நீளமாகத் தாழ்வாக இருக்கும் வேக வண்டிகள். சிக்னலில் நின்றால் பக்கத்தில் பைக்கில் இருப்பவன் குனிந்து பார்ப்பான். போன மாதம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வண்டித் திரை காட்டும். அதைப் படம் எடுத்து வந்து மேசையில் வைக்க வேண்டும். குறைந்த எண் யாருடையதோ அவன் மற்றவர்களுக்கு நாஷ்டா வாங்கித் தர வேண்டும். பதினான்கு மாதம் தொடர்ந்து நான்தான் வாங்கித் தந்தேன்.

ஒருவன் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருப்பவன், என் பள்ளித் தோழன். லாரிகளுக்கு நடுவில் வெறி பிடித்தவன் மாதிரி ஓட்டுவான். அவனுக்கே யூனிட்டுக்கு ஐந்தரை கிடைக்கும். இன்னொருவன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் இஞ்ஜினியர், எங்களைவிடப் பத்து வயது சின்னவன். டயரில் காற்று எவ்வளவு, பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு எவ்வளவு திரும்புகிறது என்று எல்லாவற்றையும் போனில் குறித்து வைத்திருப்பான். அவனுக்கு ஆறுக்குக் குறையாது. என்னுடையது மூன்று புள்ளி இரண்டு. சில மாதம் மூன்றே மூன்று.

"இன்னா மாமு, வண்டி ஓட்டுறியா, ராக்கெட் வுடுறியா?" என்பான் இரும்புக் கடைக்காரன். "மூணுன்னா கலீஜா கீதுபா. உன் காலு ஆக்சிலேட்டர்லயே ஒட்டிகிச்சா?"

நான் சிரித்துக்கொண்டே வடகறிக்கு இட்லி சொல்வேன். நான் தறிகெட்டு ஓட்டுகிறவன் என்று அவர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன். உண்மையில் திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு, கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால், எருமை மாடு குளத்துக்குப் போகும் வேகத்தில்தான் போவேன். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை எனக்கு. கப்பலே பொறுமையாகத்தான் வருகிறது, நான் எங்கே பறந்து போக?

மின்சாரம் ஓட்டத்தில் செலவாகவில்லை. நின்ற இடத்தில் செலவானது.

என் மனைவிக்கு வீசிங். பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், கடலோரக் குப்பத்துப் பெண். நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. பகலில் கடல் காற்று அடிக்கும்வரை ஒருமாதிரி சமாளிப்பாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அது ஓய்ந்து, மேற்கிலிருந்து காற்று திரும்பும். அதோடு அந்த நாற்றமும் வரும். எந்த ஆலையின் புகைக்குழாயிலிருந்து என்று யாரும் சொன்னதில்லை; சொல்லும்படி யாரையும் கேட்கவும் முடிந்ததில்லை. காற்று சுத்தம் செய்யும் மெஷின் வாங்கி வைத்தோம். எங்கள் பழைய ஜன்னல்கள் ஒன்றுகூடச் சரியாக மூடாது. இரண்டு மாதத்தில் அதன் ஃபில்டர் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்தது, அவளுடைய இளைப்பு அப்படியே இருந்தது.

திருநின்றவூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். அதற்காகச் சேர்த்த பணத்தில்தான் இந்த வண்டியை வாங்கினேன். இதை எழுதவே கை கூசுகிறது. வருடக்கணக்காக மற்றவர்களின் கார்களைக் கப்பலிலிருந்து இறக்கி விடுவித்துக் கொடுத்தவன் நான். ஒரு நாள் எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. நாலு செகண்டில் நூறு போகும் என்றேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வூடு எங்க போயிடப்போது, அப்புறம் வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி வந்த மூன்றாவது நாள் கோயிலுக்குக் கிளம்பினோம். பர்ஸை மறந்துவிட்டு நான் மறுபடி மாடி ஏறினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பர்ஸைத் தேடி எடுத்துத் திரும்ப இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவள் ஏசி ஓடும் காரில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே அந்த நாற்றம் நன்றாக ஏறியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், தோள் தூக்கித் தூக்கி இறங்கவில்லை. சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்கு நாளிக்கு போலாம். இங்கியே கொஞ்ச நேரம் ஒக்காரலாமா?" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் அவளுடைய அறை. வண்டியின் திரையில், உள்ளேயும் வெளியேயும் காற்று எவ்வளவு மோசம் என்று எண் வரும். வாசலில் முன்னூறைத் தாண்டும் நாளிலும் உள்ளே ஒன்பது, பத்து என்றுதான் காட்டும். அவள் ஏழு மணிக்கு இறங்கி வந்து, முன் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, சீரியல் பார்ப்பாள், பூண்டு உரிப்பாள், முருங்கைக்கீரை ஆய்வாள். நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து ஆபீஸ் பேப்பர் பார்ப்பேன். பத்து மணி வாக்கில் காற்று கொஞ்சம் தெளிந்ததும் மேலே போவோம். இந்தப் பக்கத்துக்கு வரும் கரண்டில் பாதி கரி எரித்துத்தான் வருகிறது. அந்தச் சாம்பலிலிருந்து தப்பிக்க அந்தக் கரண்டிலேயே ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் பிழைப்பு அப்படி.

"யோவ், நாலு செகண்டுல நூறு போவும்னு சொன்ன. நான் ஏறி ஒக்காந்தா மட்டும் இது நவுரவே மாட்டேங்குதே" என்று கிண்டல் செய்வாள். மாதக் கடைசியில் எண் எவ்வளவு என்று மறக்காமல் கேட்பாள். மூன்று என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

நண்பர்களிடம் சொல்லக் கூடாது என்றது அவள்தான். பாவம் பார்ப்பார்கள் என்றாள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. சொன்னால், வீட்டை விட்டுவிட்டு ஏன் காரை வாங்கினாய் என்று கேட்பார்களே. இரும்புக் கடைக்காரன் ஒரு முறை என் வண்டிக்குள் தலையை விட்டு, "இன்னாடா, ஃபாரின் வண்டி ரேஞ்சுக்கு பீத்திக்கிற, உள்ள பூண்டு நாத்தம் அடிக்குது" என்றான். சமையல்காரனுக்கு லிஃப்ட் கொடுத்தேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஆனால் பதினான்கு மாதம் தோற்கிறவனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. பதினான்காவது மாதம் இட்லி சாப்பிடும்போது, வண்டியில் கோளாறு இருக்கலாம், கம்பெனியில் காட்டுங்கள் என்றான் இஞ்ஜினியர். வண்டியைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. "வண்டி பத்தரமாத்துத் தங்கம். வேணும்னா ஓட்டிப் பாக்கலாம், வா" என்றேன். அன்றைக்கே மத்தியானம் மூன்று மணிக்கு மூன்று வண்டியும் கிளம்புவது, தடா வரை போய்த் திரும்புவது, ஏசி போடக் கூடாது, இதே டிபன் கடை வாசலில் முடிப்பது என்று ஏற்பாடு ஆனது.

வீட்டில் சொன்னேன். "ஆறரைக்குள்ள வந்துடுவேன்" என்றேன். "போய்ட்டு வா. இன்னிக்காவது ஜெயிச்சிட்டு வா" என்றாள்.

எதிர்க்காற்று வண்டியை இழுக்காதபடி, வியர்வை வழிய, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன். முட்டை மேல் கால் வைப்பது போல வைத்தேன். இரும்புக் கடைக்காரன் கும்மிடிப்பூண்டியிலேயே பொறுமை இழந்து பறந்தான். தடாவில் திரும்பும்போது என் திரை ஏழு புள்ளி மூன்று காட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அவள் ஞாபகமே இல்லை. எண் மட்டும்தான் இருந்தது.

மீஞ்சூர் தாண்டும்போது போன் வந்தது. மணி ஆறுகூட ஆகவில்லை.

"எங்க வந்துகினு கீற?"

"மீஞ்சூர் தாண்டிட்டேன். இன்னா?"

"இங்க இன்னிக்கு நாத்தம் சீக்கிரமே வந்துட்ச்சு."

"மூச்சு எப்படி கீது?"

கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "கீது. அவசரம் ஒண்ணும் இல்ல. பாத்து வா."

அந்த நிறுத்தம் எனக்குக் கேட்டது. இருபது வருடம் அவளோடு குடித்தனம் செய்தவனுக்கு அதற்கு அர்த்தம் தெரியாதா? தெரிந்தது. ஆனால் அவசரம் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாளே என்று அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், அதற்காகவே கட்டிய வண்டி அது. அழுத்தியிருந்தால் ஏழு புள்ளி நான்கு ஆறு புள்ளி ஒன்பதாகியிருக்கும். நான் நாற்பதிலேயே வந்தேன்.

டிபன் கடை வாசலில் ஏழு புள்ளி நான்குதான். இரும்புக் கடைக்காரன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இஞ்ஜினியர் திரையை மூன்று கோணத்தில் படம் எடுத்தான். டீ சொன்னார்கள். வீடு அங்கிருந்து ஐந்து நிமிடம். நான் நின்று டீ குடித்தேன்.

பாதி டம்ளரில் எதிர் வீட்டு அக்காவின் போன் வந்தது.

அவள் மேலே சமாளிக்க முடியாமல் கீழே இறங்கியிருக்கிறாள். வழக்கமாக வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து, சார்ஜ் ஒயர் தொங்கும் சுவருக்குக் கீழே, வெறும் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன் என்று நம்பித்தான் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் பிடிக்க வந்த அக்கா பார்த்தபோது உதடு நீலமாகியிருந்தது. ஷேர் ஆட்டோவில் இருந்தவர்களை இறங்கச் சொல்லிவிட்டு, அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவள் அந்த அக்காதான். நாலு செகண்டில் நூறு போகும் வண்டியோடு நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன்.

மூன்று வாரம் அங்கே இருந்தோம். உயிர் பிழைத்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் பழையபடி ஆகாது, ஆக்ஸிஜன் மெஷின் வீட்டில் வைக்க வேண்டும், படி ஏறி இறங்கக் கூடாது என்றார். பிறகு, "வேற ஏரியாவுக்குப் போக முடியாதா?" என்று கேட்டார். முடிந்த காலத்தில் நான் கார் வாங்கினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டை விற்கலாம் என்று புரோக்கரைக் கூப்பிட்டேன். சாயங்காலம் வந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு ரூம் பார்த்தார். அதற்கப்புறம் என் போனை எடுப்பதில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, நாலு பேர் சேர்ந்து அவளை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தினமும் சாயங்காலம் இதே மாதிரி வண்டிக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். "தெனம் நாலு பேரு தோள்ல எறங்கி வர நான் இன்னா சாமியா?" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று இடத்தில் மூச்சு வாங்கினாள். மெஷின் ஓடும், மூக்கில் குழாய் இருக்கும், ஜன்னல் இடுக்கு வழியாக அந்த நாற்றமும் வரும். அவள் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தேன். அங்கிருந்து வண்டியும், ஓடினால் அதன் திரை வெளிச்சமும் தெரியும்.

அடுத்த முதல் ஞாயிறு நான் போகாமல் இருந்திருக்கலாம். "போ, மூஞ்ச பாத்துகினு எத்தினி நாளு ஒக்காந்திருப்ப" என்று அவள்தான் துரத்தினாள். என் திரை ஆறு புள்ளி நான்கு காட்டியது. முதல் இடம்.

"திருந்திட்டியே மாமு!" என்று இரும்புக் கடைக்காரன் மேசையைத் தட்டினான். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து போனவன், ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டு அழுதவன். அவனுக்கு எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. இஞ்ஜினியர் மட்டும் என் படத்தையும் தன் போனில் இருந்த பழைய எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, வண்டில தினமும் அண்ணி..." என்று ஆரம்பித்தான். நான் நிமிர்ந்து பார்த்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். ஃபர்ஸ்ட் என்றேன். "பாத்தியா" என்றாள். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு, வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். கதவைத் திறந்து ஏறினேன். அவள் சீட்டைச் சாய்த்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரி இருபத்திரண்டில் ஏசியை வைத்தேன். காற்று எண் இறங்கி இறங்கி ஒன்பதுக்கு வந்தது. பூண்டு வாசனை இன்னும் போகவில்லை. பத்து நிமிடம் என்று நினைத்தது ஒரு மணி நேரம் ஆனது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். கிலோமீட்டர் எண் மறுபடி மூன்றுக்கு இறங்கினால் போதும் என்று இருந்தது. முதல் இடத்தில் இருக்க என்னால் முடியவில்லை.

ஐந்தாம் நாள் போன் அடித்தது. மேலேயிருந்து அவள்தான்.

"யோவ், வண்டில யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் யாருக்கு ஓடுது அது?"

போனில் மெஷின் சத்தம் கேட்டது. அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.

"நிறுத்திட்டு மேல வா. நான் இங்க ஒத்தையா மூச்சு வுட்டுகினு கீறேன்."

நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மூன்று மாடியும் ஏறி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.