இருநூறு பேலட்டும் ஒரு சாட்சியும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் பேலட் செய்கிறேன். தொழிற்சாலைகளில் சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டில் தூக்குவதற்கு அடியில் ஒரு மரச்சட்டம் வைப்பார்களே, அதுதான் பேலட். ஆணியும் பலகையும், அவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷி கோர்ட் வரைக்கும் போவாளா என்று வீட்டில் கேட்டார்கள். போனேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

இரண்டு தெரு தள்ளி பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருப்பவர் தனி அளவில் இருநூறு பேலட் கேட்டார். ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஐப்பசி மாதம் சரக்கு போனது. எங்கள் பேட்டையில் வாட்ச்மேன் சலானில் சீல் குத்திவிட்டால் சரக்கு வந்துசேர்ந்தது என்று அர்த்தம்; உள்ளே எடுத்து வைப்பது அவர்கள் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு நான்கு நாள் பிடித்தது. நான்கு நாளும் அடைமழை. ஐந்தாம் நாள், மரம் ஈரமாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். மழையையும் நான்தான் சப்ளை செய்தேன் என்று நினைத்தாரோ என்னவோ.

வழக்குக்கு முன்னால் சட்டப்படி சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. வழக்குப் போட்டேன். பொன்னேரி பக்கத்திலேயே இருந்தாலும், வணிக வழக்கு என்பதால் திருவள்ளூருக்குத்தான் போக வேண்டும் என்றார் வக்கீல். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய் இறங்கி, வேறு மின்சார ரயில் பிடிக்க வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்தால் வாய்தா. ஒரு நாள் அவருடைய வக்கீலுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் என் வக்கீலின் மச்சினிக்கு வளைகாப்பு.

ஃபீஸ், டிக்கெட் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு என் ஷெட்டுக்குள் நின்றது. "அந்த இருநூறையும் தொடாதீங்க மேடம். கேஸுக்கு அதான் உயிரு" என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவை பாதி ஷெட்டை அடைத்துக்கொண்டன. மீதிப் பாதியில் என் மேஸ்திரி ஆணி அடித்தார். ஒரு பேலட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பீஸ் கணக்கில் கூலி. இடம் பாதியானதும் கூலியும் பாதியானது. பதினோரு வருஷமாக என்னோடு இருந்தவர். பலகையைத் தட்டிப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார். அவர் போய்விட்டால் நான் வெறும் மரக்கடைக்காரி என்பது எனக்குத் தெரியும்.

"எப்ப மேடம் காலியாவும்?" என்று மாதாமாதம் கேட்பார்.

"அடுத்த வாய்தாவுல முடிஞ்சிடும் மேஸ்திரி" என்பேன். மூன்று வருஷம் கூசாமல் இதையே சொன்னேன்.

ஒரு நாள் காலையில் பிளாஸ்டிக் கம்பெனிக்காரரே என் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக பேலட் கொடுப்பவர் கைவிட்டுவிட்டாராம், கன்டெய்னர் காத்துக்கொண்டிருக்கிறதாம்.

"அந்த எரநூறும் சும்மாதான கீது மேடம்? குடுத்துடுங்க. டப்பு இப்பவே தரேன்."

"அது ஈரமாச்சே சார்."

"மூணு வருசம் ஆச்சே, காஞ்சிருக்காதா?"

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கொடுத்திருந்தால் அன்று மாலையே ஷெட் காலியாகியிருக்கும். வக்கீலுக்குப் போன் போட்டேன். விற்றால் கேஸ் போச்சு என்றார். உண்மையைச் சொல்வதென்றால், அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் போனே போட்டேன். "கோர்ட்டுல பாத்துக்கலாம் சார்" என்று வாசலில் நின்றவரை அனுப்பிவைத்தேன். அன்றைக்கு நாஷ்டாவுக்கு இரண்டு இட்லி கூடுதலாகவே இறங்கியது.

அடுத்த வாரம் அவர் தன் கம்பெனியிலேயே பேலட் செய்ய ஒரு ஷெட்டை ஒதுக்கினார். மாதச் சம்பளத்துக்கு என் மேஸ்திரியை எடுத்துக்கொண்டார்.

அந்த மேஸ்திரிதான் என் ஒரே சாட்சி. சம்மன் போனது. வருவாரா, வந்தாலும் சம்பளம் கொடுப்பவருக்கு எதிராக வாயைத் திறப்பாரா? வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அவரை மடக்கப் பார்த்தார்.

"நீங்க இந்தம்மாகிட்ட சம்பளம் வாங்குறவர்தானே? அவங்களுக்குச் சாதகமாத்தானே சொல்லுவீங்க?"

"இல்லீங்க சார். உங்க ஆளு கம்பெனிலதான் இப்ப வேல செய்றேன். ஆனா மரம் காஞ்சிதான் இருந்திச்சி. நான்தான் அட்ச்சேன்."

தன் கட்சிக்காரர் இதைத் தன்னிடம் சொல்லவே இல்லை என்பது அந்த வக்கீலின் முகத்திலேயே தெரிந்தது. இந்தச் சாட்சி வாதிக்காகப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். வட்டியோடு பணம் தர வேண்டும் என்று உத்தரவு. மேஸ்திரி என்னை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் நான் ஜெயித்திருக்கவே மாட்டேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். மேஸ்திரி வெளியே வந்ததும், "கேஸ் முடிஞ்சிது. ஷெட்டு முழுசா உங்களுக்குத்தான், வந்துடுங்க" என்றேன்.

அவர் சங்கடத்தோடு சிரித்தார். "எங்க முடிஞ்சிது மேடம்? எங்க மொதலாளி அப்பீல் போறாராம்."

அப்பீல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'எங்க மொதலாளி' என்று பதினோரு வருஷம் அவர் என்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.