பெர்னார்ட் சோதித்த இரண்டு எண்ணெய்கள்

ரெங்கம் என்ற ஊருக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் இருபத்தெட்டு ஆண்டுகள் கொழுப்பு அமிலம் அளந்தார். அந்த வட்டாரத்தில் கொழுப்பைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர் கிடையாது. அந்த அறிவே அவருக்கு வினையாயிற்று.

வேலை எளிது. ஆலையில் பிழிந்த எண்ணெயில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் இளஞ்சிவப்பானதும் நிறுத்தி, அமில அளவை எழுத வேண்டும். ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணெய் மட்டம், மேனேஜர் கத்துவார். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி.

ஐம்பத்தாறாவது வயதில் மாரடைப்பு வந்தது. குளுவாங் மருத்துவமனையில் உணவு ஆலோசகர் வாசுகி அவர் படுக்கையருகே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: மத்தியதரைக் கடலோர மக்களைப் போல மீன், கீரை, பருப்பு சாப்பிடுங்கள். சால்மன் வேண்டாம், உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் கெம்போங் மீன் போதும். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, ஆலிவ் எண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். பொரிப்பதை விட்டு எண்ணெயை மாற்றுங்கள்.

சிங்கப்பூரில் தாதியாக இருக்கும் மகள் ஷரோன் ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். டிசம்பரில் அவளுக்குத் திருமணம். அப்பா கைப்பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டும், அதுவரையாவது வாயைக் கட்டுங்கள் என்று அழுதாள். பெர்னார்ட் சம்மதித்தார்.

ஆனால் கற்ற தொழில் சும்மா இருக்குமா? வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே அந்தப் பாட்டிலையும் அடுப்படியிலிருந்த செம்பனை எண்ணெய் பாக்கெட்டையும் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆலிவில் அமிலம் புள்ளி நான்கு. பாக்கெட்டில் புள்ளி ஒன்று. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி பியாட்ரிஸிடம் நீட்டினார்.

"பாரு, நம்ம எண்ணெய்ல கால்வாசிதான். வெள்ளைக்காரன் பாட்டில் தோத்துருச்சு லா."

"ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு சொன்ன கொழுப்பும் இதுவும் ஒண்ணாங்க?"

"லேப்ல இருபத்தெட்டு வருஷம் இருந்தது நீயா?"

பியாட்ரிஸ் பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். கேட்டதென்னவோ சரியான கேள்வி. எண்ணெய் கெடும்போது பிரிந்து நிற்கும் அமிலத்தைத்தான் கணவரின் சோதனை காட்டும். சுத்திகரிக்கும்போது அதை நீக்கிவிடுகிறார்கள். பிரியாமல் எண்ணெயாகவே இருந்து உடம்புக்குள் போகும் கொழுப்பைப் பற்றி அந்தச் சோதனை வாய் திறக்காது.

தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது. பாட்டில் அலமாரிக்குப் போனது. வாசுகி சொன்னபடி கெம்போங் மட்டும் வாரம் மூன்று நாள் வந்தது, பாக்கெட் எண்ணெயில் மொறுமொறுவென்று.

அக்டோபரில் இரண்டாவது மாரடைப்பு. ஃபாதர் பிரெட்ரிக் வந்து, நோயாளிக்குப் புனித எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் சடங்கைச் செய்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பட்டது. பெர்னார்ட் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்ன எண்ணெய், ஃபாதர்?"

"ஆலிவ்."

"புள்ளி நாலு இருக்கும்," என்றார். அன்று மாலை ஐந்து மணிக்குப் போய்விட்டார்.

எண்ணெய்தான் கொன்றது என்று எந்த மருத்துவரும் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. டிசம்பரில் ஷரோனைக் கைப்பிடித்து அழைத்துப் போனவர் பியாட்ரிஸ். இப்போது அவர் அலமாரிப் பாட்டில் எண்ணெயில்தான் தாளிக்கிறார். குளிர்பெட்டித் தாளை மட்டும் கிழிக்கவில்லை. கணவரின் கையெழுத்து அதில் இருக்கிறதாம்.