அடுத்த வரியில் கிடந்த கொம்பு

எழுத்து மட்டுமே தெரியும் டெர்மினல் திரைக்காக ஒரு குறிப்பேட்டு நிரல் எழுதி வெளியிட்டிருந்தேன். அதில் தமிழ் வரிகள் உடைவதாக, முன்பின் தெரியாத கோமதி என்பவர் எழுதினார். "கோளாறு உங்கள் கணினியில்தான்" என்று திமிராகப் பதில் போட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. நிரலின் இணையப் பக்கத்தில் என் ஊர் டெல்லி என்று பார்த்திருந்தவர், "நானும் டெல்லிதாங்க, மயூர் விஹார். வந்து காட்டட்டுமா?" என்று கேட்டு, ஞாயிறன்று மடிக்கணினியோடு வந்தே விட்டார்.

திரையைப் பார்த்ததும் கூசிப்போனேன். அவர் பெயரின் 'க' வரிக் கடைசியில் தனியாக நின்றது. அதன் கொம்பும் காலும் அடுத்த வரியில் கிடந்தன. ஒரே எழுத்தை என் நிரல் துண்டு துண்டாக எண்ணியிருந்தது.

உடனே உட்கார்ந்து திருத்தினேன். பெயர் முழுதாக அடுத்த வரிக்கு இறங்கியது.

"அச்சா! இப்பதாங்க நான் ஒடையாம வந்திருக்கேன்!" என்று கைதட்டினார். நானும் சிரித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் குறை சொன்னாலும், "காட்டுங்களேன்" என்று ஆசையாகவே கேட்கிறேன்.